58 வயதில் வேலை கேட்டால் "பேரனைப் பாருங்கள்" என்கிறார்கள்

கேள்வி: நான் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். 1985இல் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு எழுதினேன். 1987 முதல் 2010 வரை தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தேன். மாமியார் பக்கவாதத்தில் விழுந்ததும் வேலையை விட்டு, பதினைந்து ஆண்டுகள் அவரைப் பார்த்துக்கொண்டேன். சென்ற ஆண்டு அவர் காலமானார். ஒரு லாரி நிறுவனத்தில் ஓட்டுநராக இருந்த என் கணவர், சர்க்கரை நோயால் பார்வை மங்கி 57 வயதில் வேலையை நிறுத்திவிட்டார். என் சேமநிதிப் பணத்தில் பெரும்பகுதி வீட்டுக் கூரைக்கும் மகளின் படிப்புக்கும் போய்விட்டது. இப்போது எனக்கு 58 வயது. ஐந்து மாதங்களாக வேலை தேடுகிறேன். பேரங்காடியில் "45 வயதுக்குள்" என்றார்கள். கிளினிக்கில் விண்ணப்பத்தை வாங்கவே இல்லை. ஒரு கடைக்காரர், "இந்த வயதில் உங்களுக்கு எதற்கம்மா வேலை, பேரனைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருங்கள்" என்றார். பிறகு, மாதம் 900 வெள்ளி தருகிறேன், முழு நாளும் வாருங்கள் என்றார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வேலைக்கு 300 வெள்ளி முன்பணம் கேட்கிறார்கள். பினாங்கில் இருக்கும் மகனோ, "நீங்கள் வேலைக்குப் போனால் ஊர் என்னைப் பற்றி என்ன பேசும்" என்கிறான். நான் வயதை மறைக்கலாமா? சட்டம் எனக்கு உதவுமா? இல்லை, இந்த வயதில் வேலைக்கு ஆசைப்படுவதே தவறா?

வாசகி, சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

பதில்:

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

அந்த 300 வெள்ளியைக் கட்டாதீர்கள். உண்மையான முதலாளி வேலைக்கு வருகிறவரிடம் பணம் வாங்க மாட்டார். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சீருடைக்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது வலைதான். இந்தப் பதில் உங்கள் கைக்கு வருவதற்குள் கட்டிவிட்டீர்கள் என்றால், வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காமல் உடனே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மோசடியில் போன பணத்தைத் தடுப்பதற்கென்றே உள்ள தேசிய மையம் அது. பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுவதற்குள் சொன்னால்தான் வழி பிறக்கும். ஏடிஎம் அட்டையையும் அதன் ரகசிய எண்ணையும் எவர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். ஐந்து மாதங்களாக எல்லாக் கதவும் சாத்தப்பட்ட ஒருவரைத்தான் இந்தக் கூட்டம் தேடி வருகிறது. அதை எண்ணும்போது எனக்குக் கோபம் பொங்குகிறது.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் 24 ஆண்டுகளாக மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறவள். தொடக்கத்தில் ஒரு தொழிற்சாலையில், வந்து குவியும் விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்குவது என் பொறுப்பு. முதல் நாளே மேலாளர் ஒரு விதி சொன்னார்: "அடையாள அட்டை எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார். வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் தனியாக வை." நம் நாட்டு அடையாள அட்டை எண் பிறந்த ஆண்டில்தானே தொடங்குகிறது? பெயரைப் படிப்பதற்கு முன்பே வயது தெரிந்துவிடும். மூன்று ஆண்டுகள் அப்படியே செய்தேன். எத்தனை பேருடைய தாளை இரண்டாம் பக்கம்கூடப் புரட்டாமல் ஒதுக்கினேன் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு உறுத்துகிறது. அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தவள் சொல்கிறேன், கேளுங்கள். உங்களை எடைபோட்டுப் பார்த்து, போதாது என்று யாரும் தள்ளவில்லை. எடைபோடவே இல்லை. ஆகவே அந்த ஐந்து மாத மறுப்பை உங்கள் திறமையைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆசைப்படுவது தவறா என்ற கேள்வியையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேலைக்குள் போன பிறகு சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். வாசலில் நிற்கும்போது நிற்காது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

2012ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் 2013 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. தனியார் துறையில் ஒருவரை 60 வயதுக்கு முன்னால் வயதைக் காரணம் காட்டி ஓய்வுபெறச் செய்யக்கூடாது. செய்தால் 60 நாட்களுக்குள் தொழிலாளர் இலாகாவில் எழுத்துமூலம் புகார் செய்யலாம். ஆனால் அந்தப் பாதுகாப்பு ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு. வேலை தேடி வந்தவரை "வயது கூடுதல்" என்று திருப்பி அனுப்புவதை அது தடுக்கவில்லை. 2023 ஜனவரி 1 முதல் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 69எஃப் என்ற பிரிவு சேர்ந்திருக்கிறது. வேலையில் பாகுபாடு காட்டப்பட்டது என்ற தகராறுகளைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம் என்கிறது அது. அதுவும் ஊழியருக்கும் முதலாளிக்கும் இடையே எழும் தகராறைப் பற்றியதுதான். கூட்டரசு அரசமைப்பின் 8ஆவது விதி சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றைச் சொல்கிறது. வயதைச் சொல்லவில்லை. பக்கத்தில் சிங்கப்பூர் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டத்தில் வயதும் இடம்பெற்றிருக்கிறது. இங்கே கடை வாசலில் "45 வயதுக்குள்" என்று ஒட்டியிருக்கும் தாளை எடுக்கச் சொல்ல இன்னும் சட்டம் இல்லை. வரவேண்டும்; அதற்காக என்னைப் போன்றவர்கள் தொடர்ந்து பேசத்தான் வேண்டும். உங்கள் அடுத்த மாத அரிசி அதுவரை காத்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தக் கடைக்காரர் சொன்ன வார்த்தையை நான் பலமுறை படித்தேன். அவரும் தோட்டத்துப் பிள்ளையாகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். நமக்கெல்லாம் 55 என்பது வெறும் எண் அன்று. அந்தக் காலத்தில் தோட்டத்தில் 55 ஆனால் வேலை மட்டும் போகாது, தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். பெட்டியும் சட்டியுமாகப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். சேமநிதிப் பணத்தை எடுக்கும் வயதும் அதே 55. ஆக, "55 ஆனால் முடிந்தது" என்பது நம் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. அந்தக் கோடு ஒரே இடத்தில் நின்றதும் இல்லை. அரசு ஊழியர்களுக்கு 55ஆக இருந்த கட்டாய ஓய்வு வயது 2001இல் 56 ஆனது, 2008இல் 58 ஆனது, 2012இல் 60 ஆனது. மனிதர்களின் உடம்பா அந்த ஆண்டுகளில் மாறியது? விதிதான் மாறியது.

இன்னொன்றையும் நீங்கள் கண்ணாரப் பார்த்திருப்பீர்கள். பெயர் வெட்டப்பட்டு ஓய்வு கொடுக்கப்பட்ட அதே பெண்கள், மறு மாதமே குத்தகையாளரின் ஆளாக அதே தோட்டத்தில் புல் வெட்டவும் உரம் போடவும் உதிரிப் பழம் பொறுக்கவும் வந்து நிற்பார்கள். கூலி மட்டும் குறைவு. விடுமுறை இல்லை, சேமநிதி இல்லை. அவர்களால் வேலை செய்ய முடியாது என்று எவரும் சொல்லவில்லை. வேலைக்கு வயது தடையாக இருந்ததில்லை அக்கா, சம்பளத்துக்குத்தான் தடையாக இருந்தது. உங்கள் கடைக்காரர் ஒரே மூச்சில் "வீட்டில் இருங்கள்" என்றும் "900 வெள்ளிக்கு முழு நாளும் வாருங்கள்" என்றும் சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அந்த 900க்கு இப்போது வருவோம். 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்கும் குறைவான ஊழியர்களை வைத்திருக்கும் சிறு கடைகளுக்கும் 2025 ஆகஸ்டு 1 முதல் அதே தொகைதான். இத்தனை வயதுக்கு மேல் என்றால் குறைத்துக் கொடுக்கலாம் என்று அந்த ஆணையில் எங்கும் இல்லை. மீறினால் முதல் குற்றத்துக்கே ஓர் ஊழியருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் உண்டு.

ஆனால் உடனே புகார் எழுதச் சொல்ல மாட்டேன். நீங்கள் இன்னும் அவரிடம் வேலைக்குச் சேரவில்லை. சிறிய ஊர், நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும். அவரிடம் திரும்பிப் போய் இப்படிப் பேசிப் பாருங்கள். மணிக்கணக்கில் பார்த்தால் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8 வெள்ளி 17 காசு. 900 வெள்ளிக்கு மாதம் 110 மணி நேரம் வருகிறது. அதாவது வாரத்துக்கு ஐந்து நாள், காலை எட்டு மணி முதல் ஒரு மணி வரை. "அண்ணே, உங்களால் 900தான் முடியும் என்றால் நான் காலையில் மட்டும் வருகிறேன். கணக்கு, சரக்கு இருப்பு, பில் எல்லாவற்றையும் ஒரு மணிக்குள் முடித்துக் கொடுத்துவிடுகிறேன்" என்று சொல்லுங்கள். கெஞ்சலாகச் சொல்ல வேண்டாம், சண்டையாகவும் வேண்டாம். விலை பேசும் குரல் போதும். 2010ஆம் ஆண்டின் பகுதிநேர ஊழியர் விதிமுறைகளின்படி இத்தகைய அரைநாள் வேலைக்கும் சேமநிதி, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புக் காப்பு, விகிதப்படி விடுமுறை எல்லாம் உண்டு. பிற்பகலில் கணவருக்கு இன்சுலினோ மருந்தோ கொடுக்க நீங்கள் வீட்டில் இருக்கலாம். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் வெளியே வந்துவிடுங்கள். 900 வெள்ளிக்கு ஒருமுறை முழு நாளும் தலையாட்டிவிட்டால், நம் ஊரில் உங்கள் வயதுப் பெண்கள் எல்லாருக்கும் அதுவே விலையாகிவிடும்.

வயதை மறைக்கலாமா என்று கேட்டீர்கள். மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம். அடையாள அட்டை நகலைக் கேட்ட அன்றே தெரிந்துவிடும். பொய் சொன்னவர் என்ற பெயர்தான் மிஞ்சும். ஆனால் முதல் தாளிலேயே அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தன்விவரக் குறிப்பில் அடையாள அட்டை எண், திருமண நிலை, பிள்ளைகள் எண்ணிக்கை, புகைப்படம் ஆகிய எதுவும் வேண்டாம். பெயர், தொலைபேசி எண், ஊர் போதும். யார் கையிலெல்லாம் போகும் என்று தெரியாத தாளில் அடையாள அட்டை எண்ணை எழுதாமல் இருப்பது மோசடிக்காரர்களிடமிருந்தும் உங்களைக் காக்கும்.

ஒரே பக்கம் எழுதுங்கள். நீங்கள் அனுப்பிய நான்கு பக்கக் குறிப்பைப் பார்த்தேன். பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய சான்றிதழ் முதல் பக்கத்தில் இருக்கிறது, 23 ஆண்டு கிராணி வேலை மூன்றாம் பக்கத்தில் ஒரே வரியாகக் கிடக்கிறது! "தோட்ட அலுவலகத்தில் கிராணி" என்று எழுதினால் இன்றைய இளம் மேலாளருக்கு ஒன்றும் புரியாது. நீங்கள் செய்ததை விரித்து எழுதுங்கள். விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்தது, செக்ரோல் எனும் சம்பளப் பதிவேட்டை எழுதியது, எத்தனை தொழிலாளர்களுக்குச் சம்பளம் போட்டீர்கள் என்பது, ஸ்டோரில் உரமும் மருந்தும் இருப்புப் பார்த்தது, சேமநிதிக்கு ஏ பாரமும் சொக்சோவுக்கு 8ஏ பாரமும் மாதம் தவறாமல் நிரப்பியது. இவை அனைத்தும் இன்றைக்கும் ஒவ்வொரு கம்பெனியிலும் யாரோ ஒருவர் செய்தே ஆக வேண்டிய வேலைகள். தாளும் பாரமும் போய் கணினித் திரை வந்திருக்கிறது, அவ்வளவுதான். முதலாளி சேமநிதிச் சந்தாவை ஐ-அக்கவுன் தளத்திலும் சொக்சோ சந்தாவை அசிஸ்ட் தளத்திலும் செலுத்துகிறார். இரண்டுக்கும் கெடு அடுத்த மாதம் 15ஆம் தேதி. பேட்டியில் "15ஆம் தேதி தவறினால் தாமதக் கட்டணம் வருமே, உங்கள் அலுவலகத்தில் இதை யார் பார்க்கிறார்கள்?" என்று நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். இருபத்தைந்து வயதில் நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டேன்.

தோட்டம் கைமாறிவிட்டது, பழைய மேலாளர் எங்கே என்று தெரியவில்லை, அனுபவக் கடிதம் யாரிடம் வாங்குவது என்று வருந்தியிருக்கிறீர்கள். சேமநிதி அலுவலகத்துக்குப் போய் உங்கள் பழைய சந்தா விவரத்தைக் கேளுங்கள். 23 ஆண்டுகள் ஒரே முதலாளி மாதந்தோறும் உங்கள் பெயரில் பணம் கட்டியிருக்கிறார். அதைவிடப் பெரிய அனுபவக் கடிதம் ஒன்று வேண்டுமா?

நடுவே உள்ள 15 ஆண்டு இடைவெளியை "குடும்பப் பராமரிப்பு, 2010 முதல் 2025 வரை" என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள். படுக்கையில் இருந்தவரை 15 ஆண்டுகள் புண் வராமல் காத்த கை உங்களுடையது. அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அந்த அனுபவத்தைக் கொண்டு முதியோர் இல்லத்திலோ குழந்தைகள் காப்பகத்திலோ வேலைக்குப் போகலாமா என்று யோசித்தால், முதலில் அந்த இடம் சமூகநல இலாகாவில் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். பதிவில்லாத இடத்தில் ஏதாவது நேர்ந்தால் பழி வேலைக்காரர் தலையில்தான் விழும். என்னைக் கேட்டால், உங்களுக்கு இப்போது தேவை நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலை. பதினைந்து ஆண்டுகள் ஆளைத் தூக்கிப் புரட்டிய முதுகுக்கு ஓய்வு வேண்டும்.

முதலாளிகள் எதற்குத்தான் பயப்படுகிறார்கள்? அடிக்கடி மருத்துவ விடுப்பு எடுப்பார், சொன்னால் கேட்க மாட்டார், ஆறு மாதத்தில் நின்றுவிடுவார் என்பவை வாய்க்கு வந்த சாக்குகள். இளையவர்களும் இவை மூன்றையும் செய்கிறார்கள். உண்மையான பயம் இரண்டு: செலவும் கணினியும்.

செலவுக் கணக்கை நீங்களே அவர் முன் வையுங்கள். 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு 60 வயதுக்குட்பட்டவர் என்றால் முதலாளி கட்டும் சேமநிதி 13 விழுக்காடு, 221 வெள்ளி. உங்கள் பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. 55 வயதுக்குப் பின் கட்டும் இந்தப் பணம் எமாஸ் கணக்கில் சேரும், 60 ஆனதும் எடுக்கலாம். 60 நிறைந்ததும் முதலாளியின் பங்கு 4 விழுக்காடாக, 68 வெள்ளியாக இறங்கிவிடும். நீங்களாக விரும்பினாலொழிய உங்கள் சம்பளத்தில் பிடித்தம் இருக்காது. சொக்சோவிலும் 60க்கு மேல் வேலையிட விபத்துக் காப்புக்கு மட்டும் முதலாளி 1.25 விழுக்காடு கட்டினால் போதும். அந்தக் காப்புக்கு உச்ச வயது கிடையாது. மேலும் 60 வயது நிறைந்தவரை 4,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளத்தில் முழுநேர வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு, அந்தச் சம்பளத்தை வருமான வரிக் கணக்கில் இரட்டிப்பாகக் கழிக்கும் சலுகை 2019ஆம் மதிப்பீட்டு ஆண்டில் வந்தது. இப்போதைய நிபந்தனைகளை அவருடைய கணக்காளர் பார்த்துச் சொல்லட்டும். இரண்டே ஆண்டில் நீங்கள் அந்த வரிசைக்குள் வந்துவிடுவீர்கள். மூத்தவரை வைத்தால் செலவு கூடும் என்பது பல முதலாளிகளின் வெறும் எண்ணம். தாளில் எழுதிக் காட்டியதும் முகம் மாறுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கணினி விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம் பேச மாட்டேன். 2010இல் தெரிந்தது இன்று போதாது. பெடி என்று முன்பு அழைக்கப்பட்ட நாடி இணைய மையங்களில் அடிப்படை வகுப்புகளை இலவசமாக நடத்துகிறார்கள். உங்கள் வட்டாரத்து மையம் எது என்று விசாரித்துப் போய்ச் சேருங்கள். மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கோர்ப் நடத்தும் இ-லத்தே தளத்திலும் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் கற்க முயன்று சோர்ந்துபோக வேண்டாம். எக்செல்லில் இருபது தொழிலாளர்கள் கொண்ட ஒரு செக்ரோலை நீங்களாகவே உருவாக்குங்கள். வந்த நாள், வராத நாள், கூடுதல் நேரம், சேமநிதி, சொக்சோ, கைக்குப் போகும் தொகை. கையால் 23 ஆண்டுகள் எழுதியதுதானே? அது சரியாக வந்ததும் அச்செடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். "கணினி தெரியுமா?" என்று கேட்டால் வாயால் பதில் சொல்லாமல் அந்தத் தாளை எடுத்து மேசையில் வையுங்கள்.

அடுத்து இ-இன்வாய்ஸ், அதாவது விற்பனை பில்லை வருமான வரி வாரியத்தின் வழியே மின்னணு முறையில் அனுப்புவது. 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களோடு தொடங்கிய இந்த முறை படிப்படியாக இறங்கி, 2026 ஜனவரி முதல் ஆண்டு விற்பனை ஒரு மில்லியனிலிருந்து ஐந்து மில்லியன் வெள்ளி வரை உள்ள தொழில்களையும் தொட்டிருக்கிறது. செம்பனைப் பழம் வாங்கி ஆலைக்கு அனுப்புகிறவர்கள், உரம் விற்கிறவர்கள், லாரி வைத்திருக்கும் குத்தகையாளர்கள் என்று தோட்டப்புற ஊர்களில் பலர் இந்த அளவுக்குள் வருகிறார்கள். அவர்களில் பலருக்கு இது பெரிய தலைவலி. வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் இலவசம். இரண்டு வாரம் உட்கார்ந்து பழகினால் பிடிபட்டுவிடும். பேரங்காடியின் வாசலில் "45 வயதுக்குள்" தாளோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு இவர்களிடம் போங்கள். நிறுவைச் சீட்டைப் பார்த்ததும் குலை எத்தனை, எடை எவ்வளவு, கழிவு சரியா என்று சொல்லத் தெரிந்தவர் அவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. விண்ணப்பத்தைத் தபாலில் போடாதீர்கள். உங்களை அறிந்த ஒருவரோடு நேரில் போங்கள். பழைய பெரிய கிராணி, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், கோயில் செயலாளர், யாராக இருந்தாலும் சரி. முன்பின் தெரியாத அலுவலகத்தில் நீங்கள் வெறும் "68", அடையாள அட்டையின் முதல் இரண்டு இலக்கம். தெரிந்தவர் அழைத்துப் போன இடத்தில் நீங்கள் ஒரு ஆள்.

இதோடு சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்திலும் பதிந்து வையுங்கள், கட்டணம் கிடையாது. ஈப்போவுக்குப் போகும்போது சொக்சோ அலுவலகத்தில் வேலை தேடித்தரும் அதிகாரியை நேரில் பார்த்துப் பேசுங்கள்.

வேலை கிடைத்தால் பெரும்பாலும் ஓராண்டு அல்லது இரண்டாண்டு ஒப்பந்தம் என்பார்கள். 24 மாதத்துக்கு மேற்படாத தவணை ஒப்பந்தத்துக்கு நான் மேலே சொன்ன ஓய்வு வயதுச் சட்டம் பொருந்தாது. அதற்காக மறுத்துவிட வேண்டாம். தெரிந்து கையெழுத்துப் போடுங்கள். நாள், நேரம், சம்பளம் மூன்றும் தாளில் இருக்க வேண்டும். "ஒரு வாரம் சும்மா வந்து பாருங்கள்" என்றால், வருகிறேன், அந்த வாரத்துக்கும் கூலி வேண்டும் என்று சொல்லுங்கள். கணவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் நாட்களுக்காக வேலை நேரத்தை மாற்றிக் கேட்பதும் உங்கள் உரிமை. எழுத்தில் விண்ணப்பித்தால் முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். இதுவும் 2023 ஜனவரியில் வந்த திருத்தம்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அதுதான். கணவர் 57 வயதில் பார்வை மங்கி வேலையை நிறுத்தினார் என்கிறீர்கள். லாரி நிறுவனம் அவருக்குச் சொக்சோ கட்டியதா? கட்டியிருந்தால், 60 வயதுக்கு முன் வேலை செய்யும் ஆற்றலை இழந்தவருக்கான மாதாந்தர ஓய்வூதியத்துக்கு அவர் விண்ணப்பித்தாரா? கட்டிய மாதங்களின் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள், மருத்துவக் குழு பரிசோதிக்கும். 60 தாண்டியிருந்தாலும், அதற்கு முன்பே அந்த நிலை வந்துவிட்டது, அதன் பிறகு அவர் வேலை செய்யவில்லை என்று காட்ட முடிந்தால் வழி இருக்கிறது. பழைய சம்பளச் சீட்டுகள், கண் மருத்துவமனை அட்டை, அடையாள அட்டை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் வேலை தேடலுக்கு முன்பே இதைச் செய்யுங்கள். நம் மக்கள் எத்தனையோ பேர் கேட்காமலேயே இதை இழந்துவிடுகிறார்கள்.

மகனைப் பற்றிக் கொஞ்சம். அவர்மேல் கோபப்படாதீர்கள். வயதான தாய் வேலைக்குப் போனால் பிள்ளை சோறு போடவில்லை என்று பேசிய லயத்தில்தானே அவரும் வளர்ந்தார்? அந்தப் பேச்சுக்குத்தான் அவர் பயப்படுகிறார். அவரிடம் அனுமதி கேட்காதீர்கள், உதவி கேளுங்கள். அடுத்த முறை பினாங்கிலிருந்து வரும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களோடு உட்கார்ந்து மின்னஞ்சல் முகவரி திறந்து தரட்டும், அந்த எக்செல் செக்ரோலைச் சரிபார்க்கட்டும். 187 வெள்ளியும் 221 வெள்ளியும் மாதாமாதம் உங்கள் பெயரில் சேர்ந்தால் இரண்டு ஆண்டில் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும் என்ற கணக்கையும் அவரையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஊர் என்ன பேசும் என்ற கேள்விக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. உங்கள் கணவருக்குக் கண் மருந்து வாங்கித் தருவது ஊர் இல்லை.

அந்த நான்கு பக்கத்தை ஒரு பக்கமாகச் சுருக்கி எனக்கு மறுபடியும் அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன். ஓட்டப் பந்தயச் சான்றிதழை மட்டும் எடுத்துவிடுங்கள் அக்கா.